தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். பசங்களிடம் சொல்லிவிடலாமா?

சாலிடர்சார் | திங்கள், இரவு 11:40

ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ ஆசிரியர் நான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேர், ஒரு சிப் கம்பெனி மாணவர்களுக்கு நடத்தும் தானியங்கி கார் போட்டிக்குத் தயாராகிறார்கள். மென்டர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி, கல்லூரி பெயரெல்லாம் கேட்காதீர்கள். பசங்க இந்தப் பக்கம் வந்து போகிறவர்கள்தான்.

போட்டி இதுதான். வெள்ளைத் தடம், இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கோடு. கைப்பிடி அளவு கார் கோட்டைப் பார்த்துத் தானாக ஒரு சுற்று முடிக்க வேண்டும், ரிமோட் கிடையாது. மூன்று வாய்ப்பு தருவார்கள். முதலில் முழுதாக முடித்த சுற்றின் நேரம்தான் கணக்கு. கண்ணுக்கு டிஎஸ்எல்1401 லைன்ஸ்கேன் சென்சார், ஒரே வரிசையில் 128 பிக்சல். மூளைக்கு கேஎல்25இசட் போர்டு.

பகலில் லேபில் கார் தங்கமாக ஓடுகிறது. மாலை ஆறரை தாண்டினால் முதல் வளைவிலேயே தடத்தை விட்டுப் பாய்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேப்டாப் ஒயரை மாட்டி, சென்சார் பார்ப்பதையெல்லாம் திரைக்கு அனுப்பியபடி ஓட்டினால் இரவிலும் ஒழுங்காகப் போகிறது. ஒருவன் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கூடவே ஓடுவான். ஒயரைக் கழற்றினால் பழையபடி பேய் பிடிக்கிறது.

பேட்டரிதான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்பது நாளாக பேட்டரி மாற்றினார்கள், கெப்பாசிட்டர் சேர்த்தார்கள், சக்கரத்தைத் திருப்பும் செர்வோ மோட்டாரை மாற்றினார்கள், எவ்வளவு திருப்புவது என்று கணக்கிடும் பிஐடி எண்களைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மூன்றாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். போட்டிக்கு இன்னும் 16 நாள். இன்று ஒருவன், "விட்டுடலாம் சார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிடலாமா?

டீக்கடை_பெஞ்ச் | திங்கள், இரவு 11:58

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கேட்டில் ஃப்ளெக்ஸ் வரும் சார். அதில் செயலாளர் படம் ஆள் உயரத்துக்கு, பிள்ளைகள் படம் ஸ்டாம்ப் அளவுக்கு. நீங்கள் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

போர்டு_பிரிங்கப் | செவ்வாய், காலை 7:15

நான் கம்பெனி ஆள், பதினான்கு வருடமாக எம்பெடட், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதும் வேலை. எங்கள் இடத்தில் ஒரு ஜூனியர் ஒன்பது நாள் தவறான பக்கம் தோண்டிக்கொண்டிருக்கிறான், சீனியர் மூன்றாம் நாளே தெரிந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறார் என்றால், திட்டு சீனியருக்குத்தான் விழும். சொல்லிவிடுங்கள். போட்டியில் கற்றுக்கொள்ள இன்னும் நூறு விஷயம் இருக்கிறது. ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் குறைந்துவிடாது.

வெண்பலகை | செவ்வாய், காலை 8:02

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைக்ரோசாஃப்ட் மாணவர்களுக்கு நடத்தும் இமேஜின் கப் போட்டி தெரியும்தானே, 2003-ல் பார்சிலோனாவில் முதல் இறுதிச் சுற்று நடந்தது, 2006-ல் டெல்லிக்கும் வந்தது. அதற்குப் பல வருடம் கழித்து நானும் ஒரு அணியைத் தயார் செய்தேன். ஐடியாவை நான் செதுக்கினேன். ஸ்லைடில் எந்த வரி எங்கே என்பது வரை நான்தான். பேச வேண்டியதையும் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒத்திகையில் பிரமாதம். தேர்வுச் சுற்றில் நடுவர் கேட்டது மிகச் சாதாரணக் கேள்வி: "இதை யாரிடமாவது கொடுத்துப் பார்த்தீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள்?" மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நடுவரும் திரும்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு வருடம் ஆகியும் அந்தப் பார்வை மறக்கவில்லை.

முன்னாள்_கேப்டன் | செவ்வாய், காலை 9:30

மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். இதே வகைப் போட்டிதான், அப்போது ஃப்ரீஸ்கேல் கப் என்பார்கள். 2003-ல் கொரியாவில் ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2015 கடைசியில் ஃப்ரீஸ்கேல் என்ற அந்த சிப் கம்பெனி என்எக்ஸ்பியோடு சேர்ந்த பிறகு என்எக்ஸ்பி கப் ஆகிவிட்டது. எங்கள் மென்டர் நல்ல மனிதர். கடைசி வாரம் நாங்கள் சோர்ந்துபோனதும் ஒரே இரவில் கன்ட்ரோல் புரோகிராம் முழுவதையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். பரிசும் கிடைத்தது. அதை ரெஸ்யூமேயில் போட்டேன். வேலை நேர்காணலில், "இன்டக்ரல் விண்ட்அப்புக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள். விழித்தேன். பிழைக் கணக்கு குவிந்துகொண்டே போய்க் கட்டுப்பாடு கெடுவதுதான் அது; அந்தச் சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்தால், அதற்கு இரண்டு வரி எழுதியிருக்கிறார், பக்கத்தில் கமென்ட்டும் போட்டிருக்கிறார். என் பெயரில்.

அரைவோல்ட் | செவ்வாய், மதியம் 1:10

விவாதம் இருக்கட்டும், இந்தப் பேயை விட மனசில்லை. ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். (இந்த அணியில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடவும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.)

சார், இரவில் லேபில் சோக் வைத்த பழைய டியூப்லைட்டா? லூப் நேரம், அதாவது ஒரு தடவை பார்த்து முடிவெடுக்க ஆகும் நேரம், 4 மில்லிசெகண்டா? லேப்டாப்புக்கு அனுப்பும் சீரியல் வேகம் நொடிக்கு 115200 பிட்டா? மூன்றும் ஆமாம் என்றால் கதை இதுதான்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் அதற்கு இரட்டிப்பாக, நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. நான்கு மில்லிசெகண்ட் மட்டும் திறந்து மூடும் சென்சாருக்குத் தெரியும். ஒரு ஃபிரேம் (ஒரு தடவை எடுக்கும் படம்) வெளிச்சம், அடுத்தது மங்கல். எத்தனைக்கு மேல் வெள்ளை, எத்தனைக்குக் கீழ் கறுப்பு என்று ஒரே எண்ணைப் பகல் வெளிச்சத்தில் நிலையாக வைத்திருப்பார்கள். மங்கலான ஃபிரேமில் தடம் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கோடு எங்கே என்றால் எங்கும் கோடு. கார் என்ன செய்யும் பாவம்.

ஒயர் மாட்டினால் ஏன் சரியாகிறது? பிக்சலுக்கு ஒன்றாக 128 பைட், தொடக்க, முடிவு பிட்டோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 10 பிட், மொத்தம் 1280 பிட். 115200 வேகத்தில் அனுப்ப 11 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அனுப்பி முடிக்கும் வரை அடுத்த ஃபிரேம் தொடங்காது, அதனால் சென்சார் திறந்திருக்கும் நேரமும் அவ்வளவு நீள்கிறது. டியூப்லைட்டின் ஒரு முழு ஏற்ற இறக்கம் 10 மில்லிசெகண்ட். அது முழுவதும் ஒரே ஃபிரேமுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லா ஃபிரேமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், அதுவும் மூன்று மடங்கு வெளிச்சம். பிழையைப் பார்க்கப் போட்ட ஏற்பாடே பிழையை மறைக்கிறது!

சாலிடர்சார் | செவ்வாய், மதியம் 1:45

மூன்றும் ஆமாம். நீங்கள் ஒரு சாப்பாட்டு நேரத்தில் பிடித்துவிட்டீர்கள், எனக்கு மூன்று நாள் ஆனது. இப்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

போர்டு_பிரிங்கப் | செவ்வாய், மதியம் 2:20

அடடா, அழகான பிழை. இதைச் சொல்லிக் கெடுக்கக் கூடாதுதான், காலையில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. விடையைச் சொல்லாமல் இருந்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். வழியையும் சொல்லாமல் இருந்தீர்களே சார், அது எதற்கு? ஒன்பது நாள் ஒரே நேரத்தில் நாலு பொருளை மாற்றிக்கொண்டு இருக்கிறார்கள், அதைப் பார்த்தும் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் மென்டர் இல்லை. ஆபீஸில் இப்படி வந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஓடுகிறபோது இருப்பது என்ன, ஓடாதபோது இருப்பது என்ன? இரண்டுக்கும் நடுவில் மாறுவதையெல்லாம் எழுது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், டியூப்லைட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

சாலிடர்சார் | செவ்வாய், மதியம் 2:41

சுளீரென்று இருக்கிறது. ஆனால் நியாயம்.

அணியில் ஒரு பெண் இருக்கிறாள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். தேதி, நேரம், என்ன மாற்றினார்கள், என்ன ஆனது என்று. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. ஆனால் பகல் ஓட்டத்துக்கு அரைப் பக்கம் எழுதுகிறவள், இரவு ஓட்டத்துக்கெல்லாம் "போச்சு" என்று ஒரே சொல்தான் எழுதியிருக்கிறாள்.

வெண்பலகை | செவ்வாய், மாலை 4:05

சார், ஒன்று கேட்கிறேன். இது இருட்டிய பிறகு மட்டும் வரும் பிழை. அந்தப் பெண் இருட்டிய பிறகு லேபில் இருக்கிறாளா?

சாலிடர்சார் | செவ்வாய், மாலை 4:30

இல்லை. பெண்கள் விடுதியில் ஆறரைக்குள் இருக்க வேண்டும். மறுநாள் காலை பையன்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையாகவே யோசிக்கவில்லை.

வெண்பலகை | செவ்வாய், மாலை 4:48

அணியில் ஒழுங்காக அளந்து எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள். பிழை வரும் நேரத்தில் அவள் மட்டும் அங்கே இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நீங்கள் சொல்லலாமா கூடாதா என்று நாங்கள் நேற்றிலிருந்து தர்மசங்கடம் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் வார்டனைப் பார்த்து அனுமதி வாங்குங்கள் சார்.

டீக்கடை_பெஞ்ச் | செவ்வாய், மாலை 5:10

வார்டன், அவருக்கு மேல் ஹெச்ஓடி, அவருக்கு மேல் முதல்வர், அப்பாவின் கையெழுத்தோடு கடிதம், அதற்குள் போட்டி முடிந்துவிடும். ஓடி (ஆன் டூட்டி) கையெழுத்து வாங்கவே எங்கள் காலத்தில் மூன்று நாள்.

ஜன்னலை அடைத்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கே டியூப்லைட்டைப் போட்டால் ஆகாதா?

அரைவோல்ட் | செவ்வாய், மாலை 5:14

பெஞ்ச் அண்ணே, காலில் விழுகிறேன்.

போர்டு_பிரிங்கப் | செவ்வாய், மாலை 5:20

இந்த இழையில் இதுவரை வந்ததில் உருப்படியான யோசனை இதுதான். ஆனால் ஜன்னலை அடைக்கச் சொன்னால் விஷயம் வெளிச்சம் என்று பாதி சொல்லிவிட்ட மாதிரி ஆகும். பரவாயில்லை. "இரவில் மட்டும் வருகிறதா, அப்போது பகலிலேயே இரவைக் கொண்டுவா" என்பது வழி, விடையில்லை.

முன்னாள்_கேப்டன் | செவ்வாய், இரவு 9:00

அனுமதிக்கும் எழுதிப் போடுங்கள் சார். ஜன்னல் இந்தத் தடவைக்கு. அடுத்த வருடமும் யாராவது ஒரு பெண் இருப்பாள்.

சாலிடர்சார் | வியாழன், இரவு 10:15

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நான்கு பேரையும் உட்கார வைத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை, ஆசிரியர் மன்னிப்புக் கேட்டதிலேயே மிரண்டுவிட்டார்கள். பிறகு போர்டு_பிரிங்கப் சொன்ன கேள்வி. ஒயர் மாட்டினால் என்னென்ன மாறுகிறது? கரும்பலகையில் எழுதினார்கள்: ஒயரின் எடை, லேப்டாப்பின் கிரவுண்ட், யுஎஸ்பியிலிருந்து வரும் மின்சாரம், கூட ஓடுகிறவனின் நிழல். ஐந்தாவதாக அந்தப் பெண், "அனுப்புற புரோகிராம் ஓடுது" என்று எழுதினாள். மற்ற மூன்று பேரும் அதெல்லாம் ஒரு மாற்றமா என்கிற மாதிரி பார்த்தார்கள்.

மதியம் ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் ஒட்டினோம். டியூப்லைட்டைப் போட்டதும் கார் பட்டப்பகலில் பேயாடியது. அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கைதட்டிச் சிரித்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக. ஒயரை மாட்டி, அனுப்பும் புரோகிராமை நிறுத்தி ஓட்டினார்கள்: பாய்ந்தது. ஒன்பது நாள் பேட்டரிக் கதை அந்த ஒரே ஓட்டத்தில் முடிந்தது. அடுத்து, ஒயரே இல்லாமல், கேட்க ஆளில்லாத சீரியலுக்கு அனுப்பிக்கொண்டே ஓட்டினார்கள்: தங்கமாக ஓடியது! நால்வரும் ஒரு நிமிடம் பேசவில்லை. அனுப்புவதற்குப் பதிலாக அதே அளவு நேரம் சும்மா காத்திருக்க வைத்தார்கள். அப்போதும் ஓடியது.

"சார், கார் மெதுவா யோசிச்சா நல்லா ஓடுது" என்றான் விட்டுடலாம் என்ற அதே பையன். ஏன் என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இன்று எனக்குச் சாப்பாடு இறங்கியது.

வெண்பலகை | வியாழன், இரவு 10:40

அனுமதி?

சாலிடர்சார் | வியாழன், இரவு 10:52

எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள்.

சாலிடர்சார் | ஞாயிறு, இரவு 8:30

பிடித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் மிக வெளிச்சமான பிக்சலின் அளவை மட்டும், ஒரே ஒரு பைட், போர்டின் நினைவகத்திலேயே சேர்த்துவைத்தார்கள். மொத்தம் 16 கேபி ராம் என்றாலும் இரண்டாயிரம் ஃபிரேமுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கார் நின்ற பிறகு மொத்தமாக வெளியே எடுத்தார்கள். அளப்பதால் லூப் நேரம் மாறக் கூடாது என்பது அவர்களுக்கே தோன்றியது, நான் சொல்லவில்லை. வரைபடம் போட்டால் ஏறி இறங்கி, சரியாக ஐந்து ஃபிரேமுக்கு ஒரு தடவை அதே கோலம் திரும்பி வருகிறது. ஐந்து நான்கு இருபது, இருபது மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸ். கரண்ட் என்று கத்தினார்கள். ஒருவன் மறுபடியும் பேட்டரி பக்கம் போகப் பார்த்தான், மற்றவர்கள் விடவில்லை. இன்னொருவன் ஃபோனை எடுத்து ஸ்லோமோஷனில் டியூப்லைட்டைப் படம் பிடித்துக் காட்டினான். மினுக் மினுக்கென்று விளக்கு துடிக்கிறது.

அரைவோல்ட் | ஞாயிறு, இரவு 8:44

ஐந்து ஃபிரேம் கோலம்! அது எனக்குத் தோன்றவே இல்லை. 0, 4, 8, 12, 16, பிறகு 20 மறுபடி தொடக்கம். சபாஷ். இப்போது லூப்பை 10 மில்லிசெகண்ட் ஆக்கிவிட்டார்களா?

சாலிடர்சார் | ஞாயிறு, இரவு 9:05

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். நான் சொல்லியிருந்தால் அதோடுதான் நின்றிருப்பார்கள். கார் நொடிக்கு இரண்டு மீட்டர் போனால், 10 மில்லிசெகண்டில் இரண்டு சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போகும், 4 மில்லிசெகண்டில் எட்டு மில்லிமீட்டர்தான், அதை விட மாட்டோம் என்றார்கள். நிலையான எண்ணைத் தூக்கிவிட்டார்கள். இப்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சலுக்கு நடுவில் எவ்வளவு வித்தியாசம், அது அந்த ஃபிரேமின் உச்ச வெளிச்சத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். ஃபிரேம் மங்கினால் இரண்டும் சேர்ந்து மங்கும், கோடு கோடாகவே தெரியும்.

போர்டு_பிரிங்கப் | ஞாயிறு, இரவு 9:20

128 பிக்சலுக்கும் ஃப்ளோட்டில் (தசம எண்ணில்) வகுத்தலா? அந்த போர்டில் இருப்பது கார்டெக்ஸ் எம்0+ பிராசசர், தசமக் கணக்குக்கான எஃப்பியு கிடையாது, வகுத்தலுக்கே ஹார்டுவேர் கிடையாது. லூப் 4 மில்லிசெகண்டில் அடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாலிடர்சார் | ஞாயிறு, இரவு 9:31

முதலில் அப்படித்தான் எழுதினார்கள், லூப் நீண்டுவிட்டது. இப்போது உச்சத்தை இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளி, கால் பங்கை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் வெறும் ஒப்பீடு. போர்டின் ஒரு பின்னை (மின்முனையை) ஆன்-ஆஃப் செய்து ஆசிலோஸ்கோப்பில் நேரம் பார்க்கிறார்கள். இது நான் சொல்லிக்கொடுத்தது, மறைக்கவில்லை.

முன்னாள்_கேப்டன் | ஞாயிறு, இரவு 10:10

கமென்ட் யார் எழுதுகிறார்கள்?

சாலிடர்சார் | ஞாயிறு, இரவு 10:12

அவர்கள்தான். எழுத்துப் பிழையோடு.

டீக்கடை_பெஞ்ச் | 15 நாள் கழித்து, திங்கள், மாலை 6:00

சார், போட்டி என்ன ஆச்சு? ஃப்ளெக்ஸ் வைத்தாச்சா?

சாலிடர்சார் | திங்கள், இரவு 9:45

ஃப்ளெக்ஸுக்கு வேலையில்லை. 12 அணியில் ஐந்தாவது. முதல் வாய்ப்பில் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள், கடைசி வளைவுக்கு முந்தைய வளைவில் பறந்துவிட்டது. இரண்டாவதில் பயந்து குறைத்து ஓட்டி முடித்தார்கள். முடித்த நேரம்தான் கணக்கு என்பதால் மூன்றாவது கிடையாது. முதல் வாய்ப்பிலேயே கொஞ்சம் நிதானமாகப் போயிருந்தால் மூன்றாம் இடம் வந்திருக்கும் என்று பையன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விடுதி அனுமதி வந்தது, போட்டிக்கு மூன்று நாள் முன்பு, எட்டரை மணி வரை. அதற்குள் ஜன்னல் சார்ட்டிலேயே வேலை முடிந்துவிட்டது. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் காட்டுவதற்கு.

அரைவோல்ட் | திங்கள், இரவு 9:58

போட்டி ஹாலில் என்ன விளக்கு? அங்கேயும் டியூப்லைட்டா?

சாலிடர்சார் | திங்கள், இரவு 10:20

எல்லாம் எல்இடி. நாங்கள் உள்ளே போனதும் மற்ற அணிகள் தடத்தைச் சுற்றிக் குனிந்து வளைவுகளை அளந்துகொண்டிருந்தன. எங்கள் நால்வரும் நடு ஹாலில் நின்று ஃபோனை மேலே நீட்டி, கூரையை ஸ்லோமோஷனில் படம் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும், அங்கே என்னதான் இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.